போங்காட்டமாம்ல!

மக்களே, பல நாளா ஆபீஸ்ல ஆணி அதிகம். எழுத வாய்க்கல. இன்னிக்கு உக்காந்ததுக்குக் காரணம் நேரம் கெடச்சது இல்ல, கடுப்பு.

என்கிட்ட ஒரு பிபிசி மைக்ரோ இருக்கு. காயலாங்கடையில எடைக்கு வாங்கினது. அதைப் பத்தி அனந்தபுரத்துல டீக்கடையில வாய்விட்டது தப்பாப் போச்சு, ஆளாளுக்கு அட்வைஸ். ஒருத்தர் "கண்ணாடிப் பொட்டியில வை, கரண்டே குடுக்காத, அது பழம்பொருள்"ங்கறார். இன்னொருத்தர் சுத்த சைவம். "ஒரிஜினல் ஃப்ளாப்பியில கெளம்புனாதான் அது பிபிசி மைக்ரோ. பென் டிரைவ் மாட்டி பூட் பண்றதெல்லாம் போங்காட்டம்"னு அடிச்சுச் சொல்றார். அங்க சண்டை போட்டா டீ ஆறிடும். அதனால இங்க.

இளவட்டங்களுக்கு மட்டும் கொஞ்சம் முன்கதை. 1981 டிசம்பர்ல இங்கிலாந்துல வந்த வீட்டுக் கம்ப்யூட்டர் இது. கேம்பிரிட்ஜ்ல இருந்த ஏகார்ன் கம்பெனி தயாரிப்பு. 6502 சிப்பு, 2 மெகாஹெர்ட்ஸ் வேகம், மாடல் பி-யில 32 கேபி மெமரி. (காலையில உங்க சித்தப்பா அனுப்புற ரோஜாப்பூ குட்மார்னிங் படம் இதுக்குள்ள நுழையாது.) 1984-85ல மத்திய அரசு 'கிளாஸ்'னு ஒரு திட்டம் கொண்டாந்து பள்ளிக்கூடங்கள்ல கம்ப்யூட்டர் கல்வியை ஆரம்பிச்சப்போ எடுத்த மெஷின் இதுதான். சுமார் 250 பள்ளியில தொடங்கி, மொத்தம் 12,000 மெஷின் மாநில அரசுகள் வழியா பள்ளிகளுக்குப் போச்சு. அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் இதையே 'யூனிகார்ன்'ங்கற பேர்ல நம்ம நாட்டுலயே செஞ்சது. அப்புறம் பிசி வந்துச்சு. பிபிசி மைக்ரோ ஸ்டோர் ரூமுக்குப் போச்சு, அங்கேருந்து எடைக்குப் போச்சு. ஆக, யாரோ வெள்ளைக்காரன் வீட்டுப் பொம்மைன்னு நெனைக்காதீங்க, நம்ம வரிப்பணத்துல வந்த சாமான்.

இப்போ சுத்த சைவத்துக்கு வருவோம். ஐயா, இந்த மெஷினுக்கு உள்ள டிரைவே கெடையாது! ஸ்விட்ச் போட்டா ஒரு பீப், அப்புறம் பேசிக். நேரா புரோகிராம் எழுத ஆரம்பிச்சுடலாம். எழுதினதை சேமிக்கணும்னா பாட்டு கேக்குற டேப் ரெக்கார்டரை மாட்டணும். இல்லன்னா தனியா காசு குடுத்து கன்ட்ரோலர் சிப்பும் டி.எஃப்.எஸ். ரோமும் போட்டு, வெளியில ஒரு ஃப்ளாப்பி டிரைவை வச்சு, மெஷினோட அடிவயித்துல 34 பின் கேபிள் சொருகணும். அப்புறம் ஷிஃப்ட்டை அழுத்திக்கிட்டே பிரேக் பட்டனைத் தட்டினா, டிரைவ்ல இருக்கற டிஸ்க்ல ஆச்சரியக்குறியோட 'பூட்'னு ஒரு ஃபைல் இருக்கான்னு பாத்து அதை ஓட்டும். வெளி டிரைவுலேருந்து கெளம்புறது நாம பண்ற திருட்டுத்தனமா? பொறந்ததுலேருந்தே அதோட பழக்கமே அதுதான்.

அதைவிட முக்கியம், அந்த டிரைவ் எதுன்னு மெஷினுக்குக் கவலையே இல்ல. நட்சத்திரக்குறி போட்டு 'டேப்'னு அடிச்சா கேசட். 'டிஸ்க்'னு அடிச்சா ஃப்ளாப்பி. எக்கோநெட் போட்டிருந்தா 'நெட்'னு அடிச்சு பக்கத்து ரூம் சர்வர்லேருந்து எடுத்துக்கலாம். புதுசா ஒரு ரோம் சொருகினா புதுசா ஒரு ஃபைல் சிஸ்டம். செஞ்சவனே இப்படி வாசலைத் தெறந்து வச்சிருக்கான். நாம குறுக்க படுத்துக்கிட்டு 'நுழையாதே'ங்கறோம்.

இப்போ பலரும் மாட்டுற கோடெக்னு ஒரு டப்பா இருக்கு. எம்ப்ராய்டரி மெஷின், கீபோர்டு மாதிரி சாமான்கள்ல கெட்டுப்போன ஃப்ளாப்பி டிரைவுக்கு மாத்தா விக்கிறது. அதுல ஃப்ளாஷ்ஃப்ளாப்பி ஃபர்ம்வேர் ஏத்தி, அதே 34 பின் கேபிள்ல மாட்டினா பென் டிரைவ்ல இருக்கற டிஸ்க் இமேஜை நெஜ ஃப்ளாப்பின்னு நம்பி மெஷின் கெளம்பிடும். கன்ட்ரோலர் சிப்பே இல்லாத மெஷினா? அதுக்கும் வழி இருக்கு. எம்.எம்.எஃப்.எஸ்.னு ஒரு ரோம் சொருகி, யூசர் போர்ட்ல எஸ்.டி. கார்டை மாட்டணும். ஒரே ஃபைலுக்குள்ள 511 டிஸ்க் வச்சுக்கலாம், ஒண்ணொண்ணும் 200 கேபி. அந்தக் காலத்துல அத்தனை டிஸ்க்குக்கு ஒரு பீரோ வேணும்.

"ஆனா ஒரிஜினல் அனுபவம்..."னு இழுப்பாங்க. அந்த ஒரிஜினல் ஃப்ளாப்பி என்ன நெலமையில இருக்குன்னு பாத்திருக்கீங்களா? காந்தப் பூச்சு உதிருது. நம்ம ஊரு ஈரக்காத்துக்கு பூஞ்சை புடிக்குது. அந்த டிஸ்க்கை டிரைவ்ல போட்டா படிக்கிற தலை நேரா அது மேலதான் உரசும். நீங்க நண்பர்களைக் கூப்பிட்டு 'ஒரிஜினல்' காட்டுற ஒவ்வொரு தடவையும் இருக்கற ஒரே பிரதியைச் சொரண்டுறீங்க சாமி. பழைய டிரைவை 0-ஆகவும் கோடெக்கை 1-ஆகவும் ஒரே கேபிள்ல மாட்டுங்க. 'எனேபிள்' அடிச்சுட்டு, 'பேக்கப் 0 1'னு அடிங்க. நாப்பது வருஷத்துக்கு முன்னாடி செஞ்ச மெஷினே தன்னோட சொந்த டிஸ்க்கை பென் டிரைவுக்கு மாத்திக் குடுக்கும். இதைப் போய் போங்காட்டம்ங்கறீங்க.

கண்ணாடிப் பொட்டிக்காரரே, உங்களுக்கும் இருக்கு. எங்க ஊர்ப்பக்கம் பனமலையில பல்லவர் கால ஓவியம் இருக்கு. அதைத் தொடாம, தள்ளி நின்னு பாக்கணும், நானும் ஒத்துக்குறேன். பாத்தாலே அது முழுசா கெடைச்சுடுது. புரோகிராம் அப்படியா? அணைஞ்சு கெடக்குற பிபிசி மைக்ரோ ஒரு கிரீம் கலர் பிளாஸ்டிக் பொட்டி, அவ்வளவுதான். அதுல ஒரு வாத்தியார் எழுதின கணக்குப் பாடத்தைக் கண்ணாடி வழியா எப்படிப் பாப்பீங்க? செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துச்சு. அதுக்காக ராஜகிரியைப் பூட்டிட்டாங்களா? இன்னிக்கும் மூச்சு வாங்க ஏறிப் பாக்குறோம்ல?

மூணாவதா ஒரு கோஷ்டி இருக்கு, ஐ.டி. மக்கள்: "பீப்எம் இருக்கு, பிரவுசர்லயே எமுலேட்டர் ஓடுது, இரும்பு எதுக்கு?" எமுலேட்டர் எனக்கும் புடிக்கும். ஆனா யாராவது ஏற்கெனவே காப்பாத்திக் குடுத்ததைத்தான் அது ஓட்டும். இங்கிலாந்து விளையாட்டுகளை அந்த ஊர் ஆர்வலர்கள் டிஸ்க் டிஸ்க்கா சேத்து வச்சுட்டாங்க. விழுப்புரம் பக்கத்து வாத்தியார் எழுதின பாடத்தை அவங்க வந்து எடுப்பாங்களா?

இதுல அவங்களே அடி வாங்கினவங்கதான். 1086ல எழுதின டூம்ஸ்டே புத்தகத்தோட 900-வது ஆண்டுக்கு, 1986ல பிபிசி ஒரு டூம்ஸ்டே திட்டம் போட்டுச்சு. பத்து லட்சத்துக்கும் மேல ஜனங்க பங்களிச்சு, ஊர் ஊரா படமும் எழுத்தும் லேசர் டிஸ்க்ல ஏத்தினாங்க. படிக்க பிபிசி மாஸ்டர் கம்ப்யூட்டரும், வெளியில ஒரு பிலிப்ஸ் பிளேயரும் வேணும். பதினாறே வருஷம். 2002 வாக்குல அதைப் படிக்க மெஷின் கெடைக்கிறதே குதிரைக்கொம்பு ஆகி, லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகக்காரங்க உக்காந்து மீட்டெடுத்தாங்க. தோல்ல எழுதின 1086 புத்தகத்தை இன்னிக்கும் பிரிச்சுப் படிக்கலாம். அங்க மீட்க ரெண்டு பல்கலைக்கழகம் வந்துச்சு. இங்க வர்றது தராசோட காயலாங்கடைக்காரர்தான்.

அதனால உங்க வீட்டுலயோ சொந்தத்துலயோ 80கள்ல கம்ப்யூட்டர் பாடம் எடுத்த வாத்தியார், டீச்சர் யாராவது இருந்தா அவங்க பரண்ல ஒரு கண்ணு வைங்க. அஞ்சேகால் இஞ்சு, நெகிழ்ற கறுப்பு டிஸ்க். குப்பைன்னு தூக்கிடாதீங்க. இமேஜ் எடுக்க நான் ரெடி, டீ மட்டும் வாங்கிக் குடுங்க.

டிஸ்கி: மெஷினே கெடச்சா ஆர்வத்துல உடனே ஸ்விட்ச் போட்டுடாதீங்க. பவர் சப்ளையில ரிஃபா கம்பெனியோட கப்பாசிட்டர் இருக்கும், மஞ்சளா கண்ணாடி மாதிரி. வயசாகி வெடிப்பு விட்டிருக்கும். கரண்டு பாஞ்சா கொஞ்ச நேரத்துல 'டப்'புனு புகை கெளம்பி வீடே நாறும், வீட்டம்மா கிட்ட பேச்சு வேற வாங்கணும். பொட்டி ரிப்பேர் தெரிஞ்சவர் கிட்ட குடுத்து அதை மாத்திட்டு அப்புறம் ஷிஃப்ட்-பிரேக் தட்டுங்க :-)