ஓடினால் மட்டும் போதுமா? மதுக்கரை ரெயில் நிலையத்தின் கதை

கோவை நகரத்துக்குள் ரெயில் நுழைவதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பே மதுக்கரை மண்ணில் ரெயில் ஓடிவிட்டது! இது பலருக்குத் தெரியாத செய்தி.

இன்று கோவை பெரிய ஜங்ஷன். இரவும் பகலும் அங்கே ஜனக்கூட்டம். மதுக்கரையோ சின்ன நிலையம். மெயில் வண்டிகளும் எக்ஸ்பிரஸ் வண்டிகளும் பெரும்பாலும் நிற்காமலே பறந்து விடுகின்றன. உள்ளூர் வண்டிகள்தாம் இந்த ஊருக்கு உறவு.

"சின்ன ஸ்டேஷன்தானே, அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. ரெயில் எதற்காக ஓடுகிறது, யாருக்காக நிற்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள மதுக்கரையைப் பார்த்தாலே போதும்.

மலை விட்ட வழி

தென்னாட்டில் முதல் பயணி ரெயில் 1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு ஓடியது. ஓட்டியது மதராஸ் ரெயில்வே என்ற வெள்ளைக்காரக் கம்பெனி. சென்னைக் கடற்கரையை மேற்குக் கடற்கரையுடன் இணைப்பதே கம்பெனியின் நோக்கம். கோழிக்கோட்டுக்குத் தெற்கே உள்ள பேப்பூர்தான் அப்போது குறித்த எல்லை.

ஆனால் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல் நிற்கிறதே, எப்படிப் போவது? அந்தச் சுவரில் இயற்கையே ஒரு வாசல் விட்டு வைத்திருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். காற்றும் மழையும் கொங்கு நாட்டுக்கு வரும் வழி அது. மாட்டு வண்டிகள் போன வழியும் அதுதான். ரெயிலும் அந்த வழியையே பிடித்தது. கணவாயின் கிழக்கு வாசலில் இருக்கிறது மதுக்கரை.

மேற்கே பேப்பூரிலிருந்து போட்ட பாதையும் கிழக்கே சேலம் பக்கத்திலிருந்து போட்ட பாதையும் 1862-ல் போத்தனூரில் கை கோத்தன. கோவை நகரம் அந்தப் பாதையில் இல்லை. போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை போட்டபோது, 1873-ல்தான், கோவைக்கு ரெயில் வந்தது.

கம்பெனிகள் மாறின. 1908-ல் இந்தப் பாதை தென்னிந்திய ரெயில்வேயிடம் போயிற்று. நாடு விடுதலை பெற்றபின், 1951 ஏப்ரல் 14-ந் தேதி தெற்கு ரெயில்வே பிறந்தது. பெயர்ப் பலகை மாறியதே தவிர, தண்டவாளம் அதே கணவாய் வழியாகத்தான் போகிறது.

திறக்காத கதவு

இந்தத் தண்டவாளம் கண்ட துயரம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 1921-ம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி. மலபாரில் மாப்பிள்ளைமார் கிளர்ச்சி நடந்த காலம். கைதிகள் சுமார் 100 பேரைத் திரூரில் ஒரு மூடிய கூட்ஸ் வாகனில் அடைத்துக் கிழக்கே அனுப்பினார்கள். உள்ளே காற்று இல்லை. மூச்சு முட்டி அவர்கள் அலறினார்கள். வண்டி வழியில் நின்ற இடங்களிலும் அந்தக் கதவு திறக்கப்படவில்லை.

பாலக்காட்டைத் தாண்டி, மதுக்கரையைத் தாண்டி, போத்தனூரில்தான் கதவைத் திறந்தார்கள். உள்ளே பிணக்குவியல்! உயிரோடு இறங்கியவர்களிலும் பலர் பிறகு மாண்டனர். சாவு ஏறக்குறைய 70.

வண்டி நேரப்படி போய்ச் சேர்ந்திருக்கலாம். அதனால் யாருக்கு என்ன பயன்? உள்ளே இருப்பவனும் மனிதன் என்று நினைக்காதவன் கையில் ரெயிலும் கொலைக் கருவிதான். அந்தப் பாடத்தை நாடு மறக்கக் கூடாது.

சிமெண்டு கொடுத்த வாழ்வு

மதுக்கரைக்குப் பேரும் புகழும் தந்தது சிமெண்டு ஆலை. பைக்காரா மின்சாரம் மலையிலிருந்து இறங்கி வந்து, கோவையில் பஞ்சு மில்கள் பெருகிய காலம். மதுக்கரைப் பக்கத்து மலைகளில் சுண்ணாம்புக் கல் கிடைத்தது. பக்கத்திலேயே ரெயில் இருந்தது. வேறென்ன வேண்டும்? 1934-ல் ஆலை எழுந்தது.

1936-ல் பல சிமெண்டு கம்பெனிகள் ஒன்று சேர்ந்து ஏ.சி.சி. உருவானது. அந்தப் பெயராலேயே மதுக்கரை ஆலையை ஊர் அறியும். 2022-ல் ஏ.சி.சி. அதானி குழுமத்தின் கைக்குப் போயிற்று.

சிமெண்டு என்பது பஞ்சு அல்ல; பளுவான சரக்கு. அது தொலைதூரம் போக வேண்டுமானால் ரெயில் வேண்டும். கல்லைச் சுட்டுச் சிமெண்டாக்க நிலக்கரி வேண்டும். அதுவும் தொலைவிலிருந்துதான் வர வேண்டும். ஆக, ஆலைக்கு ரெயிலும் ரெயிலுக்கு ஆலையும் துணை. கூட்ஸ் வண்டிக்கு நிற்க நேரம் இருக்கிறது. அது லாபம் தரும் சரக்கு. மனிதர் ஏறும் வண்டி நிற்பதைப் பற்றிப் பேசும்போதுதான் கணக்குப் பிள்ளையின் பேனா தயங்குகிறது!

பத்து ரூபாயும் முப்பது ரூபாயும்

மதுக்கரை இன்று நகராட்சி. ஒரு வட்டத்தின் தலைமை இடமும்கூட. சுற்றிலும் ஆலைகள், பட்டறைகள். அடுத்த நிலையமான எட்டிமடையில் 1994-ல் தொடங்கிய அமிர்தா கல்லூரி வளர்ந்து பல்கலைக்கழகமாக நிற்கிறது. கோவையிலிருந்து இந்தப் பக்கம் வருகிறவர்களும் உண்டு. இந்தப் பக்கமிருந்து கோவைக்குப் போகிறவர்களும் உண்டு. கட்டட வேலைக்குப் போகிற கொத்தனார், பால் கேனோடு ஏறுகிறவர், ஆஸ்பத்திரிக்குப் போகிற தாய், பள்ளிப் பிள்ளைகள் — உள்ளூர் ரெயிலை நம்பி இருப்பவர்கள் இவர்கள்தாம்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. நாடெங்கும் பயணி ரெயில்கள் நின்றன. அது தவிர்க்க முடியாதது. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் மீண்டும் வண்டி ஓடியபோது என்ன நடந்தது? பாசஞ்சர் வண்டிகளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் சூட்டினார்கள். 10 ரூபாயாக இருந்த குறைந்த கட்டணம் 30 ரூபாய் ஆயிற்று. பழைய 10 ரூபாய் திரும்பி வந்தது 2024 பிப்ரவரியில்தான்.

இருபது ரூபாய்தானே என்று எண்ண வேண்டாம். போக 20, வர 20. ஒரு நாளைக்கு 40 ரூபாய் கூடுதல். மாதத்தில் 25 நாள் வேலைக்குப் போனால் 1,000 ரூபாய்! ஒரு கூலிக் குடும்பத்துக்கு அது அரிசிப் பணம். பிள்ளையின் நோட்டுப் பணம்.

"சீசன் டிக்கெட் வாங்கலாமே" என்பார்கள். மாதச் சம்பளக்காரர் வாங்கலாம். அன்றன்று வேலை தேடிப் போகிறவர், நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாதவர், ஒரு மாதத்துக்கு எப்படி முன்பணம் கட்டுவார்?

யானைக்காக நிற்கும் வண்டி

எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் நடுவே இரண்டு தண்டவாளங்களும் ஒன்றை விட்டு ஒன்று விலகிக் காட்டுக்குள் போகின்றன. ஒன்றுக்கு ஏ லைன் என்றும் மற்றதற்குப் பி லைன் என்றும் பெயர். அங்கேதான் யானைகள் மலையிலிருந்து இறங்கித் தண்ணீருக்கும் தீனிக்கும் குறுக்கே கடக்கும்.

2021 நவம்பர் 26-ந் தேதி இரவு, நவக்கரை அருகே மங்களூர் – சென்னை வண்டி மோதி மூன்று யானைகள் இறந்தன. 2008 முதல் மதுக்கரை வனச் சரகத்தில் ரெயில் மோதி இறந்த யானைகள் 11 என்று தமிழக அரசு கணக்குச் சொன்னது.

அதன்பின் அரசு விழித்துக்கொண்டது. 2024 பிப்ரவரியில் 7 கோடியே 24 லட்ச ரூபாய் செலவில் 12 கோபுரங்கள் நிறுவினார்கள். அவற்றில் 24 கேமராக்கள். உடல் சூட்டைக் கொண்டு இருட்டிலும் யானையைக் கண்டுபிடிக்கும் கேமராக்களும் அவற்றில் உண்டு. யானை தண்டவாளத்தை நெருங்கினால் யந்திர மூளை அதை அறிந்து கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி அனுப்பும். உடனே என்ஜின் டிரைவருக்குத் தகவல் போகும். டிரைவர் வேகத்தைக் குறைப்பார். வேண்டுமானால் வண்டியை நிறுத்துவார். பாலத்தின் அடியாக யானைகள் போவதற்கு ரெயில்வே சுரங்க வழிகளும் கட்டியது. முதல் ஓராண்டில் இங்கே ஒரு யானைகூட ரெயிலில் அடிபடவில்லை என்று வனத்துறை அறிவித்தது. வாயில்லா ஜீவனுக்காக வண்டி காத்து நிற்கிறது! எவ்வளவு நல்ல காரியம்! இதைச் செய்த எல்லோரையும் பாராட்ட வேண்டும்.

ஒரு சேதி இதில் விளங்குகிறது. மனம் இருந்தால் வேகமான ரெயிலையும் நிறுத்த வழி உண்டு. பணமும் கிடைக்கும், யந்திரமும் கிடைக்கும். அந்த மனத்தில் கொஞ்சம் மதுக்கரைக் கூலிக்காரருக்கும் கிடைக்க வேண்டாமா?

என்ன செய்ய வேண்டும்?

எல்லா எக்ஸ்பிரஸ் வண்டிகளும் மதுக்கரையில் நிற்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அது நியாயமும் ஆகாது. ஓடும் வண்டியை நிறுத்திக் கிளப்பினால் நிமிஷங்கள் போகும், மின்சாரமும் செலவாகும். ஊருக்கு ஊர் நின்றால் மங்களூர் போகிறவர் எப்போது போய்ச் சேருவார்?

நாம் கேட்பது சிறிய காரியம். வேலைக்குப் போகிற காலையிலும், வீடு திரும்புகிற மாலையிலும், கோவை, போத்தனூர், மதுக்கரை, எட்டிமடை, வாளையாறு என்று நின்று நின்று போகும் உள்ளூர் வண்டிகள் போதிய அளவில் வேண்டும். அவை ஆலை ஷிப்டுக்கும் பள்ளி மணிக்கும் பொருந்த வேண்டும். நிலையத்தில் குடிநீரும் விளக்கும், பெண்களுக்கு ஒதுக்கிடமும் எந்நாளும் குறைவின்றி இருக்க வேண்டும். ரெயில் வரும் நேரத்துக்குப் பஸ் வர வேண்டும். குறைந்த கட்டணம் ஏழையின் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும்.

1956 வரை ரெயில்வே கோட்ட அலுவலகம் பக்கத்துப் போத்தனூரில் இருந்தது. பிறகு பாலக்காட்டு ஒலவக்கோட்டுக்குப் போயிற்று. 2007-ல் சேலம் கோட்டம் தனியாகப் பிறந்தபோதும் மதுக்கரை பாலக்காட்டுக் கோட்டத்திலேயே தங்கிவிட்டது. கோட்டம் எதுவானால் என்ன? பயணிக்கு வேண்டியது வண்டி. இரண்டு கோட்டத்து அதிகாரிகளும் கலந்து பேசி ஒரு நேரப் பட்டியல் போட்டால் முடிகிற வேலை இது.

ஊர் மக்களுக்கும் ஒரு கடமை உண்டு. டிக்கெட் வாங்காமல் ஏறக் கூடாது. ஒரு நிலையத்தின் தேவையை ரெயில்வே அளப்பது டிக்கெட் கணக்கைப் பார்த்துத்தான். நீங்கள் வாங்கும் ஒவ்வொரு டிக்கெட்டும் உங்கள் ஊருக்காகப் போடும் ஓட்டு!

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். மதுக்கரை போன்ற சிறு நிலையங்கள்தாம் பெரிய ரெயில்வேயைக் குடும்பத்தின் வாசலுக்குக் கொண்டு வருகின்றன. அவற்றை லாப நஷ்டக் கணக்கு மட்டும் போட்டு ஒதுக்கிவிடக் கூடாது. வேகமாக ஓடுவது ரெயிலுக்குப் பெருமை. ஏழைக்காக ஒரு நிமிஷம் நிற்பது அதைவிடப் பெருமை.