அலை மின்சாரம்: இரும்பைவிட ‘டைமிங்’ முக்கியம்!

கடல் அலை ராத்திரி, பகல் பார்க்காது. காற்று ஓய்ந்த பிறகும் மணிக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். அப்படியிருந்தும் சோலார், காற்றாலை அளவுக்கு அலை மின்சாரம் ஏன் வளரவில்லை? உப்பு அரிப்பு, புயல், செலவு என்று வழக்கமான பதில்கள் இருக்கு. எல்லாமே உண்மைதான். ஆனால் அதிகம் பேசப்படாத காரணம் இன்னொன்று உண்டு. அதுதான் கன்ட்ரோல் சிஸ்டம்.

சிக்கல் எங்கே?

கடலில் ஒரு பெரிய மிதவையை நினைச்சுக்கோங்க. அலைக்கு ஏற்ப அது மேலும் கீழும் ஆடும். அந்த அசைவு ஜெனரேட்டரை இயக்கும். கேட்க சிம்பிளா இருக்கும். ஆனால் ஊஞ்சல் ஆட்டிப் பார்த்தவங்களுக்குத் தெரியும்: சரியான நொடியில் தள்ளினால், லேசா தொட்டாலே உயரப் போகும். தப்பான நொடியில் தள்ளினால் நம்ம பலமும் வீண், ஊஞ்சலும் நின்னுடும்.

மிதவையும் அப்படித்தான். பெருங்கடல் அலை ஒன்று ஏறி இறங்க சுமார் 10 நொடி ஆகும். சின்ன மிதவையோ 3, 4 நொடியிலேயே தன் ஆட்டத்தை முடித்துவிடும். இரண்டும் ஒத்துப்போகாது. மிதவையை ரொம்பப் பெரிதாகக் கட்டினால் ஒத்துப்போகும், ஆனால் செலவு எகிறிடும்.

நார்வே காட்டிய வழி

இதற்கு 1970களின் பிற்பகுதியிலேயே நார்வே இயற்பியலாளர்கள் ஷெல் புடாலும் யோஹன்னஸ் ஃபால்னெஸும் ஒரு வழி சொன்னார்கள். பெயர் ‘லாட்சிங்’. மிதவை உச்சிக்குப் போனதும் அப்படியே பிடித்து நிறுத்தணும், சரியான கணம் வந்ததும் விடணும். சின்ன மிதவையே பெரிய அலையோடு சேர்ந்து ஆடும்.

அந்தச் ‘சரியான கணம்’ எது? அங்கேதான் சவால். ஒரு அலை மாதிரி இன்னொன்று வராது. அடுத்த சில நொடிகளில் என்ன வரப்போகுது என்று சென்சாரும் மென்பொருளும் முன்கூட்டியே கணிக்கணும். இன்னொரு முறையில், ஜெனரேட்டர் சில கணம் மோட்டாராக மாறி மிதவைக்கே மின்சாரம் கொடுக்கும், பிறகு அதைவிட அதிகமாகத் திரும்ப எடுக்கும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் இழப்பு அதிகமானால் லாபமே காணாமல் போயிடும்.

நிஜக் கடலில் நடக்குமா?

நடந்திருக்கு. சுவீடனின் கோர்பவர் ஓஷன் நிறுவனம் 2023இல் போர்ச்சுகலின் அகுசடோரா கடற்பகுதியில் 300 கிலோவாட் மிதவையை இறக்கியது. சாதாரண அலையில் ஆட்டத்தைக் கூட்டுவதும், புயலில் குறைப்பதும் அதன் கன்ட்ரோல் செய்யும் வேலை. அந்த நவம்பரில் 18.5 மீட்டர் வரை எழுந்த அலைகளையும் மிதவை தாங்கியது. கிட்டத்தட்ட ஆறு மாடி உயரம்! ஆக, கன்ட்ரோல் என்பது உற்பத்திக்கு மட்டுமல்ல, உயிர் பிழைக்கவும்தான்.

நமக்கு என்ன பாடம்?

அலை மின்சாரம் இந்தியாவுக்குப் புதுசில்லை. சென்னை ஐஐடி 1991இலேயே கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 150 கிலோவாட் சோதனை நிலையம் அமைத்தது. 2022 நவம்பரில் தூத்துக்குடி கடலில் அதே ஐஐடி சோதித்த ‘சிந்துஜா-1’ 100 வாட் தந்தது. நம்ம கடல் அலை அட்லாண்டிக் அளவுக்கு வலுவானதல்ல. அதனாலேயே கிடைக்கும் ஒவ்வொரு அலையையும் வீணாக்காமல் பிடிக்கணும். இரும்புக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு பங்கு கணிப்பு மென்பொருளுக்கும் கன்ட்ரோல் ஆய்வுக்கும் போகணும். மென்பொருளும் சென்சாரும் நம்ம இளைஞர்களுக்குப் பழக்கமான வேலைதானே.

அடுத்த முறை அலை மின்சாரம் பற்றி அறிவிப்பு வந்தால், ‘எத்தனை கிலோவாட்?’ என்று கேட்பதோடு நிறுத்திடாதீங்க. ‘ஒரு வருஷத்தில் எத்தனை யூனிட் தரும்? புயலில் என்ன செய்யும்?’ என்றும் கேளுங்க. இந்த இரண்டுக்கும் பதில் கன்ட்ரோல் சிஸ்டத்தில்தான் இருக்கு.