வீடு பார்க்கும்போது ஆபீஸ் போறவரை மட்டும் பார்க்காதீங்க

1/
மே, ஜூன் வந்தாலே வேலைக்காகக் குடும்பத்தோட சென்னைக்கு வர்றவங்க புறநகர்ல வீடு தேட ஆரம்பிச்சிடுவாங்க. தெரிஞ்சவங்க என்கிட்ட கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒண்ணுதான்: "டாக்டர், ஆபீஸ் சிறுசேரி. பக்கத்துல எந்த ஏரியா நல்லாயிருக்கும்?"
இந்தக் கேள்வியே பாதிதான் சரி என்பது என் கருத்து. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

2/
ஆபீஸ் போறவர் காலைல 8 மணிக்குக் கிளம்பி இரவு 8 மணிக்கு வர்றார்னு வச்சுக்கோங்க. அவருக்கு அந்த ஏரியா தூங்குற இடம், அவ்வளவுதான்.
நாள் முழுக்க அங்கேயே இருக்கப்போறது யாரு? சர்க்கரை, பிரஷர் உள்ள அப்பா. முட்டிவலி அம்மா. 2 வயசுக் குழந்தை. சில வீடுகளில் கர்ப்பமா இருக்கிற மருமகள்.
வீடு இவங்களுக்குப் பொருந்துதான்னுதான் முதல்ல பாக்கணும். ஆபீஸ் தூரம் அதுக்கப்புறம்.

3/
முதல் விஷயம், அவசர சிகிச்சை.
பக்கவாதம் வந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதிலிருந்து 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதுவும் சிடி ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகுதான். மாரடைப்பிலும் அப்படியே. தாமதமாகும் ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசையை இழக்கிறோம்.

4/
ஊருக்குப் புதுசா வந்த குடும்பங்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. வாய் கோணியவுடன் தெருமுனை கிளினிக்குக்குப் போவார்கள். அங்கிருந்து ஒரு நர்சிங் ஹோம். அங்கே ஸ்கேன் இருக்காது. அப்புறம் இன்னொரு இடம். கடைசியாக எங்களிடம் வரும்போது நேரம் தாண்டியிருக்கும்.
அவங்க அலட்சியமா இருந்தாங்கன்னு சொல்ல மாட்டேன். எங்கே போகணும்னு அவங்களுக்கு யாரும் சொல்லல. சொந்த ஊரா இருந்தா பக்கத்து வீட்டுக்காரரே ஆட்டோவுல ஏத்தி சரியான இடத்துக்கு அனுப்பியிருப்பார்.

5/
அதனால அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. அந்த வீட்டிலிருந்து, 24 மணி நேரமும் சிடி ஸ்கேனும் அவசர சிகிச்சைப் பிரிவும் இயங்கும் மருத்துவமனைக்கு ஒரு தடவை வண்டியில போய்ப் பாருங்க. ஞாயிறு காலைல போகாதீங்க, அப்போ எல்லா ஊரும் பக்கம்தான். வேலை நாள்ல சாயங்காலம் 6 மணிக்குப் போங்க.
நடுவுல ரயில்வே கேட் இருக்கா? மழை வந்தா மூடுற சுரங்கப்பாதை இருக்கா? அதையும் பாருங்க.

6/
"108 இருக்கே டாக்டர்?" இருக்கு. 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடுது, இலவசம், அருமையான சேவை. ஆனா வண்டி உங்க வாசலுக்கு வரணுமே?
புது லேஅவுட்டுகள்ல தெருப் பலகை இருக்காது. ஒரே ஏரியாவுல மூணு "2வது குறுக்குத் தெரு" இருக்கும். சந்து குறுகலா இருக்கும். லிஃப்ட்ல ஸ்ட்ரெச்சர் நுழையாது.
குடிபோன முதல் நாளே முழு முகவரியையும், பக்கத்தில் எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு அடையாளத்தையும் பெரிய எழுத்தில் எழுதி வரவேற்பறைச் சுவரில் ஒட்டுங்க. பதற்றத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் புது முகவரி ஞாபகம் வராது.

7/
ஓஎம்ஆரையும் ஜிஎஸ்டி ரோட்டையும் வச்சு ஓர் உதாரணம்.
சிறுசேரி, நாவலூர் பக்கம் புது அடுக்குமாடிகள் உண்டு, தனியார் மருத்துவமனைகளும் உண்டு. ஆனா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைன்னா ஒண்ணு செங்கல்பட்டு போகணும், இல்லன்னா நகருக்குள்ள வரணும்.
குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் பாருங்க. குரோம்பேட்டையில் அரசு மருத்துவமனை, சானட்டோரியத்தில் நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனை, கூடவே கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை மின்சார ரயில்.
நல்ல இன்சூரன்ஸும் கையில் பணமும் இருக்கிறவங்களுக்கு முதல் பக்கம் பிரச்சினை இல்லை. இல்லாதவங்களுக்கு இரண்டாவது பக்கம் பெரிய பாதுகாப்பு.

8/
அடுத்தது தண்ணீர். சென்னைப் புறநகர்ல இது ரெண்டு விதமான பிரச்சினை. வெயில்ல இருக்காது, மழையில வீட்டுக்குள்ளேயே வரும்.
2015 டிசம்பர்ல முடிச்சூர், வரதராஜபுரம் எப்படி மூழ்கிச்சுன்னு தமிழ்நாடே பாத்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரி. பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம். தண்ணி வந்து தங்குறதுக்காகவே இருக்கிற நிலம் அது. அதைச் சுத்தி வீடு கட்டியது நாமதான்.

9/
வீட்டு ஓனரும் புரோக்கரும் "இங்க தண்ணியே வராது சார்" என்றுதான் சொல்வார்கள். அவங்களைக் கேக்காதீங்க. தெருவுல இஸ்திரி வண்டி போட்டிருப்பவரைக் கேளுங்க, டீக்கடையில கேளுங்க: "மிக்ஜாம் அப்போ இங்க எதுவரைக்கும் தண்ணி நின்னுச்சு?" சட்டுனு காலைத் தொட்டுக் காட்டுவாங்க.
காம்பவுண்டு சுவர்ல கறைக்கோடு இருக்கான்னு பாருங்க. வீட்டுத் தரையை விட ரோடு உயரமா இருக்கான்னும் பாருங்க.

10/
டாக்டர் எதுக்கு வெள்ளத்தைப் பத்திப் பேசுறார்னு தோணலாம். வெள்ளத்தில் 3 நாள் மாட்டிக்கொண்ட வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருந்தால்? பிரசவ தேதி நெருங்கியவர் இருந்தால்? கரண்ட் இல்லாமல் லிஃப்ட் நின்று, முட்டிவலி அம்மா 4வது மாடியில் இருந்தால்?
தண்ணி வடிஞ்ச பிறகு வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, எலிக்காய்ச்சல் எல்லாம் வரிசையா வரும்.

11/
வெயில் காலத்துக் கேள்வி வேற. குழாய்த் தண்ணியா, போர் தண்ணியா, லாரித் தண்ணியா? பாதாளச் சாக்கடை இருக்கா, செப்டிக் டேங்க்கா? அந்த டேங்க்குக்கும் போருக்கும் எவ்வளவு இடைவெளி?
போர் தண்ணியைக் காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. கேன் தண்ணியாக இருந்தாலும் குழந்தைக்குக் காய்ச்சி ஆற வச்சுத்தான் கொடுங்க.

12/
இதில் பலர் யோசிக்காத ஒன்று, டெங்கு. லாரித் தண்ணி வர்ற ஏரியாவுல வீட்டுக்கு வீடு டிரம், சம்ப், பக்கெட். அவை சரியாக மூடப்படாவிட்டால் ஏடிஸ் கொசுவுக்கு அதுதான் பிரசவ வார்டு. ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. பகல்ல வீட்ல இருக்கிறது யாரு? மறுபடியும் அதே குழந்தையும் பெரியவங்களும்தான்.

13/
மூன்றாவது, நடந்து போகும் தூரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது நகர்ப்புற நலவாழ்வு மையம். தடுப்பூசி, கர்ப்பகாலப் பரிசோதனை, பிரஷர் மாத்திரை எல்லாம் இலவசம்.
தெருநாய் கடிச்சா உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணியில் 15 நிமிஷம் கழுவணும். அப்புறம் 0, 3, 7, 28ஆம் நாள் ஊசி. 4 தடவை போகணும், பக்கத்துல இருந்தாத்தான் நம்ம ஜனங்க ஒழுங்கா முடிப்பாங்க.

14/
நான்காவது, நடக்க ஓர் இடமும் பேச நாலு பேரும். திருநெல்வேலியில தினமும் கோயில், டீக்கடை, திண்ணைன்னு இருந்த அப்பாவை கேட்டட் கம்யூனிட்டி 7வது மாடியில வச்சா சர்க்கரை ஏறும், தூக்கம் போகும், பேச்சு குறையும். "அப்பாவுக்கு ஞாபகமறதி வந்துடுச்சு போல"ன்னு கூட்டிட்டு வருவாங்க. விசாரிச்சா சில சமயம் அது மனச்சோர்வா இருக்கும். நீச்சல் குளம் இருக்கான்னு கேக்குறோம், அப்பா நடந்து போக பிளாட்பாரம் இருக்கான்னு கேக்குறதில்லை.

15/
"அப்போ ஆபீஸ் போறவன் மனுஷன் இல்லையா?" நியாயமான கேள்வி. தினம் 2, 3 மணி நேரம் டிராஃபிக்ல உக்காந்தா முதுகுவலி, தூக்கக் குறைவு, குழந்தை முகமே பாக்காத அப்பா, எல்லாம் உண்மை. டூவீலர்ல தினம் 25 கிமீ போய்வர்றதும் ஆபத்துதான்.
நான் சொல்வது இவ்வளவுதான்: ரயிலோ கம்பெனி பஸ்ஸோ இருந்து, கூடுதலாக அரை மணி நேரம்தான் ஆகும் என்றால், அந்த அரை மணியை வேலைக்குப் போறவர் தாங்கிக்கலாம். பக்கவாதம் வந்த அப்பாவால் அரை மணியைத் தாங்க முடியாது.

16/
வாடகை கட்டுப்படியாகாம கிடைச்ச இடத்துல இருக்கிறவங்க நிறைய பேர். அவங்களைக் குறை சொல்ல எழுதல. ஏரியாவை மாத்த முடியாட்டியும் 5, 6, 12ல் சொன்னதை இன்னைக்கே செய்யலாம். காசு செலவில்லை.

17/
ஊர் மாறும்போது மறக்காம எடுத்து வைக்க வேண்டியவை:
👉 பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரைச் சீட்டு
👉 பழைய ஈசிஜி (புதுசோட ஒப்பிட ரொம்ப உதவும்)
👉 தடுப்பூசி அட்டை
👉 கர்ப்பிணிகளின் ஆர்சிஎச் எண்
👉 முதலமைச்சர் காப்பீட்டு அட்டை
👉 காசநோய் மாத்திரை சாப்பிடுபவர் ஒரு நாளும் விடாமல் இருக்க, கிளம்பும் முன்பே பழைய மருத்துவமனையில் சொல்லி புது இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்
👉 மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்கியவர்கள், புது ஏரியா சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள்

18/
அடுத்த தடவை வீடு பாக்கப் போகும்போது ஆபீஸ் போறவர் மட்டும் தனியா போகாதீங்க. அம்மாவையும் அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. அந்த மாடிப்படியை அவங்க ஒரு தடவை ஏறி இறங்கட்டும். அதுக்கப்புறம் அட்வான்ஸ் கொடுங்க.
வீடு தேடிக்கிட்டிருக்கும் யாராவது தெரிஞ்சா இதைப் பகிருங்கள்.