கன்னு நட வேணாம், உண்ணி புடுங்க வாங்க

போன புரட்டாசியில ஒரு ஞாயித்துக்கிழமை ராஜபாளையத்துல இருந்து நாங்க பதினோரு பேர் ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புக்குப் போனோம். வனத்துறை அனுமதியோடதாங்க. வேலை, உண்ணிச்செடி புடுங்குறது. "மரக்கன்னு நடலையா?"ன்னு வேன்லயே ரெண்டு பேருக்கு முகம் தொங்கிப்போச்சு. எனக்கும்தான் (ஹி ஹி). கன்னு நட்டா பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கலாம். முள்ளோட நின்னு என்னத்த எடுக்க?

ஆனா அங்க இல்லாதது மரம் இல்லையே! 1988-ல சாம்பல் நிற அணில் சரணாலயம்னு அறிவிச்ச காடு, 2021-ல மேகமலையோட சேர்ந்து புலிகள் காப்பகமாவும் ஆகிடுச்சு. அந்த அணில் பெரும்பாலும் தரைக்கு வராது. கிளைக்குக் கிளை தாவித்தான் போகும், உச்சாணிக் கிளையிலதான் கூடு கட்டும். அதுக்கு மரங்க கைகோத்து நிக்கணும். அழகுக்காக வெள்ளைக்காரன் காலத்துல கொண்டுவந்த உண்ணி அடியில புதரா மண்டிக்கிட்டா, புது மரக்கன்னு தலை தூக்க முடியாது. கோடையில காஞ்சு, தரையில போற தீயை ஏணி வச்ச மாதிரி கிளைக்கு ஏத்தி விட்டுரும்.

நான் வந்த வேகத்துல அரிவாளால தரையோட வெட்டினேன். கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் சிரிச்சிட்டார். "சார், நீங்க அதுக்கு முடி வெட்டி விடுறீங்க. மழை பேஞ்சா முன்னைவிட அடர்த்தியா வரும்." மண்ணுக்குக் கீழ ரெண்டு மூணு அங்குலத்துல ஆணிவேரை வெட்டி, செடியைத் தூக்கித் தலைகீழா கவுத்துப் போடணுமாம். வேர் மண்ணைத் தொடக்கூடாது. டில்லிப் பேராசிரியர் சி.ஆர்.பாபு பரப்பின முறை இது. ஒரு புதருக்கே எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. மதியத்துக்குள்ள பதினோரு பேரும் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபம் அளவு இடத்தைக்கூட முடிக்கல.

இனிதான் விஷயமே. புடுங்கினதோட உண்ணி போயிடாது. பறவைங்க பழத்தைத் தின்னுட்டு மரக்கிளையில உக்காந்து எச்சம் போடும், அந்த மரத்தடியில மறுபடியும் முளைக்கும். மழை முடிஞ்சதும் போயி, முளைச்சதை சின்னதுலயே கையால உருவிடணும். அடுத்த வருஷமும் போகணும். அந்த ரெண்டாவது தடவைக்கு எங்க பதினோரு பேர்ல எத்தனை பேர் போனோம் தெரியுமா? மூணு. போகாத எட்டுல நானும் ஒருத்தன். ஏதோ கல்யாணம்னு சாக்கு சொன்னேன்.

அதனால நான் சொல்றது இதுதான். ஒரு நாள்ல நூறு பேரைக் கூட்டிட்டுப் போயி பேனர் கட்டுறதுக்குப் பதிலா, பத்தே பேர் மூணு வருஷம் அதே இடத்துக்குப் போகலாம். இல்லேன்னா எங்களுக்கு வழிகாட்டினதுல அந்தக் காவலருக்கு ஒரு நாள் வேலை கெட்டதுதான் மிச்சம். அவர் ரோந்து போக வேண்டிய ஆளுங்க!

தை மாசம் மறுபடியும் அனுமதி கேட்கப் போறோம். கடப்பாரை அங்க தருவாங்க. முழுக்கை சட்டை போட்டுட்டு வாங்க, உண்ணி முள்ளு சும்மா விடாது.