பழைய கோப்பு திறக்குமா?

ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்றே ஆதரவை நிறுத்திவிட்டது. செலவில்லாத லிப்ரே ஆபீஸுக்கு மாறலாம்தான்; ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகள் வருகின்றன. ஆனால் தாம்பரம், பல்லாவரம் பக்கம் மனுவும் பத்திரமும் அடித்துத் தரும் டி.டி.பி. கடைக்காரருக்குப் புது வசதிகளைவிடப் பழைய கோப்புதான் முக்கியம். பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். இந்தச் சிக்கல் இல்லாத பொதுக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு ஏற்ற ஆண்டு 2010. அதற்குப் பிறகும் இந்தத் தொல்லை நீடிப்பது அநியாயம். யூனிகோடுக்கு மாறியவருக்கோ, லிப்ரே ஆபீஸில் திறந்தால் வரி நகர்ந்து பக்கம் கலைந்துவிடுமோ என்ற பயம். அது நியாயமான பயம். லிப்ரே ஆபீஸின் சோதனைப் பதிப்பு முன்கூட்டியே எல்லாருக்கும் கிடைக்கிறது. உங்கள் தமிழ்க் கோப்பு ஒன்றை அதில் திறந்து பாருங்கள். பிழை இருந்தால் வெளியீட்டுக்கு முன்பே அதை உருவாக்குவோருக்கு எழுதிப் போடுங்கள்.