அழாத பிள்ளைக்கும் பால்



"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது நம் முன்னோர் வாக்கு. இன்றைய கடைவீதிக்கு அது மிக நன்றாகவே பொருந்துகிறது. அண்மையில் நாம் நேரில் அறிந்த ஒரு நிகழ்ச்சியை இத்திங்கள் உங்கள் சிந்தனைக்கு வைக்கிறோம்.

நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய், கணவரை இழந்தவர், செங்கற் சூளையில் நாட்கூலிக்கு உழைப்பவர். சீட்டு எடுத்த பணத்தைக் கொண்டு பக்கத்து நகரில் ஒரு கடையில் மிக்சி வாங்கினார். இரண்டாம் நாளே மோட்டார் கருகி நின்றுவிட்டது. ரசீதும் பெட்டியுமாகக் கடைக்குச் சென்றார். "கம்பெனி ஆள் வந்து பார்க்க வேண்டும், அடுத்த வாரம் வாருங்கள்" என்றார்கள். அடுத்த வாரம் சென்றார். "ஆள் இன்னும் வரவில்லை" என்றார்கள். மூன்றாம் முறையும் சென்று, ஓரமாக நின்றார். ஒவ்வொரு பயணத்திலும் ஒரு நாட்கூலி போயிற்று.

அப்போது ஒருவர் மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேசையைத் தட்டினார், கடையே அதிரும்படி கத்தினார். பத்தே நிமிடத்தில் அவருக்குப் புது மின்விசிறி கிடைத்தது, தேநீரும் கிடைத்தது. நம் தாய்க்குக் கிடைத்ததோ பழைய பதில்தான்.

இதை நம்மிடம் சொன்னபோது அவரிடம் கோபம் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: "கத்தத் தெரியாதது என் குற்றமா, சாமி?"

மறுநாள் நாமும் அவருடன் சென்றோம். நம் அங்கியைக் கண்டதும் முதலாளி எழுந்து நின்றார், நாற்காலி போட்டார், நாம் வாய் திறக்குமுன்னே புது மிக்சி வந்தது. நமக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை, வெட்கமே உண்டாயிற்று. அந்தத் தாய்க்குக் கடனாகத் தரவேண்டியதை அவர் நம் அங்கிக்குச் சலுகையாகத் தந்தார்.

முதலாளி கெட்டவர் அல்லர். "கூட்டத்தில் கத்துகிறவரை முதலில் அனுப்பாவிட்டால் கடையின் பெயர் கெடுகிறது, சாமி. இந்த அம்மா பொறுமையாக இருந்ததால் அவசரமில்லை என்று நினைத்துவிட்டோம்" என்றார். உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அதன் பொருள் என்ன? பண்புக்குத் தண்டனை, முரட்டுத்தனத்துக்குப் பரிசு என்பதல்லவா? இப்படி நடத்தினால் பொறுமைசாலியும் அடுத்த முறை மேசையைத் தட்டக் கற்றுக்கொள்வார். அல்லது ஒரு சொல்லும் சொல்லாமல் வேறு கடைக்குப் போய்விடுவார். கத்துகிறவர் குறையைச் சொல்லித் திருந்த வாய்ப்புத் தருகிறார். மௌனமாகப் போகிறவரோ ஏன் போனார் என்பதே வணிகருக்குத் தெரியாது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக இயற்றப்பட்ட 2019ஆம் ஆண்டின் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளை, ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக முறை என்று அது கூறுகிறது. ஆகவே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று எழுதித் தொங்கவிட்ட பலகை, பழுதான பொருளை விற்றவருக்குக் கேடயமாகாது. ரசீது தர மறுப்பதும் நேர்மையற்ற வணிக முறையே. 1915 என்ற எண்ணில் தொலைபேசி வழியாகக் குறையைத் தெரிவிக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமும் இல்லை. இவற்றை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நலம். பணிவு என்பது உரிமையைக் கைவிடுவதன்று. தணிந்த குரலிலும் உறுதியாகக் கேட்கலாம்.

எனினும் சட்டமும் முறையிடுகிறவருக்கே துணை நிற்கிறது. முறையிடாதவருக்குத் துணை, விற்பவரின் மனச்சாட்சி ஒன்றுதான். சக்கேயுவை எந்த நீதிமன்றமும் அழைக்கவில்லை. தாம் ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர அவரே முன்வந்தார்.

நம்மிடையே கடை வைத்திருப்போருக்குச் சில சொற்கள்: தவறு நேர்ந்தால், "எங்கள் தவறுதான்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வாடிக்கையாளரை மறுபடி அலைய வைக்காதீர்கள். உங்கள் ஆளை அவர் வீட்டுக்கு அனுப்புங்கள். அவர் இழந்தது பொருள் மட்டுமன்று, நாட்கூலியும்தான் என்பதை நினைத்து இயன்றதை ஈடு செய்யுங்கள். கடைப் பையன்களுக்கு ஒன்று கற்பியுங்கள்: "யார் கத்துகிறார் என்று பார்க்காதே, யார் நெடுநேரம் நிற்கிறார் என்று பார்."

இவ்வளவும் எழுதிய பின் நம் மனச்சாட்சி நம்மையும் சும்மா விடவில்லை. ஞானஸ்நானச் சான்றிதழில் பெயரைப் பிழையாக எழுதியவர்கள் நாம். அதைத் திருத்தித் தரும்படி வந்த ஒரு முதியவரை, "நாளை வாருங்கள்" என்று இருமுறை திருப்பி அனுப்பியவர்களும் நாமே. வராந்தாவில் அவர் அமைதியாக அமர்ந்திருந்தார். உரத்துப் பேசியவர்கள் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தார்கள். கடைக்காரரைக் குறை கூறிய அதே வாரத்தில்தான் இது நமக்கு நினைவுக்கு வந்தது. சான்றிதழைத் திருத்தி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே சென்றோம், மன்னிப்பும் கேட்டோம். "இதற்காகவா சாமி இவ்வளவு தூரம் வந்தீர்கள்?" என்று அவர் பதறினார். அந்தப் பதற்றம் நம்மை இன்னும் சுட்டது.

கடையோ, அலுவலகமோ, பங்கு இல்லமோ, எங்கும் ஒரு மூலையில் ஓசையின்றிக் காத்திருப்பவர் ஒருவர் உண்டு. நாளைக் காலை கதவைத் திறந்ததும் முதலில் அவரைத் தேடுவோம். அழுத பிள்ளை பால் குடிக்கட்டும். ஆனால் அழாத பிள்ளைக்கும் பசிக்கும் என்பதைத் தாய் அறிவாள்.