பெயர் மாறினால் பிழையா?

கிருஷ்ணகிரி என்றதும் மாந்தோப்புகள்தாம் நினைவுக்கு வரும். மாமரத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு எறும்பிடம் நீங்கள் கடிகூட வாங்கியிருக்கலாம். அடுத்த முறை அதன் கால்களை எண்ணிப் பாருங்கள். ஆறு இருந்தால் எறும்பு. எட்டு இருந்தால், அது எறும்பு வேடமிட்ட குதிக்கும் சிலந்தி!

நிறமும் ஒடுங்கிய இடுப்பும் முசுறைப் போலவே இருக்கும். முன்னங்கால்களைத் தூக்கி உணர்கொம்புகளைப் போல ஆட்டும். முசுறுக்கு அஞ்சும் பகைவர்கள் இதையும் நெருங்குவதில்லை. ஆனால், உருவ ஒற்றுமை உறவாகிவிடாது. எறும்பு, குளவிக்கும் தேனீக்கும் உறவு. சிலந்தியோ தேளுக்கு உறவு. வகைப்பாட்டின் அடிப்படைப் பாடமே இதுதான்.

இச்சிலந்தியை 1869-இல் இலங்கை மாதிரிகளைக் கொண்டு முதலில் விவரித்தவர் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். அவர் இட்ட பெயர் சால்டிகஸ் பிளாட்டாலியாய்டஸ். பிறகு இது மிர்மராக்னி என்ற பேரினத்தில் சேர்க்கப்பட்டது. 2016-இல் போலந்து விஞ்ஞானி புரோஷின்ஸ்கி, மிர்மபிளாட்டா என்ற புதிய பேரினத்தை அமைத்து இதை அதில் வைத்தார். பேரினப் பெயர் இருமுறை மாறியும் சிற்றினப் பெயர் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

"அப்படியானால் முன்னர் எழுதியதெல்லாம் பொய்யா?" என்று கேட்பீர்கள். ஓசூரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965-இல் தருமபுரிக்கும் 2004-இல் கிருஷ்ணகிரிக்கும் வந்தது. ஊர் இடம்பெயரவில்லையே! மாவட்டம் பிரிப்பது நிர்வாக வசதிக்காக. பேரினம் பிரிப்பது உறவை இன்னும் சரியாக அறிந்ததால். புதிய சான்று கிடைத்ததும் பழைய முடிவைத் திருத்திக்கொள்வது விஞ்ஞானத்தின் குறையன்று, அதன் பலம். ஆகவே, வகைப்பாட்டை வெறும் மனப்பாடப் பகுதியாக ஒதுக்குவது தவறு என்பேன்.

இன்று ஓசூரைச் சுற்றித் தொழிற்சாலைகளும் வீட்டுமனைகளும் பெருகுகின்றன. தொழில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், முசுறு வாழும் ஒரு மரம் வீழ்ந்தால் அதன் வேடதாரியும் வீடிழக்கும். என்ன இருந்தது என்று எவரும் குறித்து வைக்காவிட்டால், எதை இழந்தோம் என்பதே தெரியாது.

எனவே, ஒரு குறிப்பேடு எடுங்கள். நாள், ஊர், மரம், கால்களின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள், படம் வரையுங்கள். பிடிக்கவோ கொல்லவோ வேண்டாம். லத்தீன் பெயர் தெரியாவிட்டாலும் கவலையில்லை. பெயரைப் பின்னர் திருத்திக்கொள்ளலாம். பார்க்கத் தவறியதைத் திருத்த முடியாது.